சாவி கைமாறிய பிறகு வீட்டில் கிடக்கும் ஏசி, ஃபிரிட்ஜ் யாருக்குச் சொந்தம்?

புதுச்சாவி:
ஒரு வீட்டுக்குக் கிரயப் பத்திரம் பதிவாகிவிட்டது. முழுப் பணமும் போய்ச் சேர்ந்துவிட்டது, சாவியும் வாங்கியாகிவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் படுக்கையறைச் சுவரில் ஸ்பிளிட் ஏசி, சமையலறையில் ஃபிரிட்ஜ், பின்பக்கம் வாஷிங் மெஷின், படிக்கட்டுக்கு அடியில் இன்வெர்ட்டரும் பேட்டரியும், குளியலறையில் கீசர். அக்ரிமென்ட்டில் இவை பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆறு வாரம் கழித்து விற்றவர் போன் செய்து, "என் சாமான்களை எடுக்க ஆள் அனுப்புகிறேன்" என்கிறார். வாங்கியவர், "வீட்டோடு விட்டுப் போனது வீட்டோடுதான்" என்கிறார். யார் சொல்வது சரி? இந்த ஆறு வாரமும் வாங்கியவர் ஃபிரிட்ஜைப் பயன்படுத்தியிருந்தால் அது தப்பா?

கிரயவரி:
இரண்டு பேர் சொல்வதும் பாதிப் பாதி சரி. வீட்டுக்குள் கிடந்தது என்பதாலேயே ஒரு பொருள் வாங்கியவருக்குச் சொந்தமாகாது. பத்திரம் பதிவானதாலேயே விற்றவரின் உரிமை எல்லாப் பொருளிலும் போய்விடுவதும் இல்லை. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது எழுத்து. அக்ரிமென்ட், பத்திரத்தின் சொத்து விவரம், வாட்ஸ்அப், மின்னஞ்சல், விளம்பரத்தில் "ஏசியுடன்" என்று போட்டிருந்தால் அது, எல்லாவற்றையும் தேடிப் பாருங்கள். எங்காவது எழுதியிருந்தால் விவாதம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

எழுத்தே இல்லை என்றால் சட்டம் பேசும். இந்தியாவில் 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 8ஆம் பிரிவு. வேறு எண்ணம் தெரியாத வரையில், வீட்டை மாற்றிக் கொடுத்தால் அதன் பூட்டு, சாவி, தாழ்ப்பாள், கதவு, ஜன்னல், அத்துடன் "நிரந்தரப் பயன்பாட்டுக்காக வீட்டோடு அமைக்கப்பட்ட மற்ற பொருள்கள்" எல்லாம் கூடவே போகும் என்கிறது. அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு 'நிலத்தோடு பிணைந்தது' என்றால் என்ன என்று மூன்று வகை சொல்கிறது: மரம்போல வேர்விட்டது, சுவர்போலப் பதிந்தது, அப்படிப் பதிந்த ஒன்றின் நிரந்தர அனுபவத்துக்காக அதோடு இணைக்கப்பட்டது. வீட்டுச் சாதனங்களில் சண்டை வருவது இந்த மூன்றாவது வகையில்தான்.

இந்தக் கணக்கில் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் அசையும் பொருள்கள். பிளக்கைப் பிடுங்கி நகர்த்திவிடலாம், வீட்டுக்கு ஒரு கீறலும் இல்லை. இவை விற்றவருடையவை. இன்வெர்ட்டரும் பேட்டரியும் அப்படியே, ஆனால் அதற்காகச் சுவருக்குள் ஓடும் வயரிங் வீட்டுடையது. ஏசியும் கீசரும்தான் இரண்டுங்கெட்டான்.

ஓட்டுவீடு:
அந்த இரண்டுங்கெட்டான் விஷயத்தை ஆங்கிலேய நீதிமன்றங்கள் 150 வருடமாக அலசிவருகின்றன. அடிப்படை 1872இல் வந்த ஹாலண்ட் எதிர் ஹாட்ஜ்சன் வழக்கு. ஆலையின் தரையில் ஆணியடித்து நிறுத்திய தறிகள் கட்டடத்தின் பகுதியா, தனிப் பொருளா என்பது கேள்வி. கட்டடத்தின் பகுதியே என்று தீர்ப்பானது. நீதிபதி பிளாக்பர்ன் வைத்த அளவுகோல் இரண்டு: எவ்வளவு இறுக்கமாக இணைத்திருக்கிறது, எதற்காக இணைத்திருக்கிறது. அவர் காட்டிய உதாரணம் இன்றைக்கும் உதவும். சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய மதில் நிலத்தோடு சேர்ந்தது. அதே கற்களைக் கட்டுமானப் பொருள் விற்பவர் தன் முற்றத்தில் அதே உயரத்துக்கு அடுக்கி வைத்தால் அவை அசையும் பொருள். கப்பலின் நங்கூரம் எவ்வளவு ஆழமாக மண்ணில் இறங்கியிருந்தாலும் நிலத்தின் பகுதியாகாது. எதற்காகப் பொருத்தினார்கள் என்பதே இறுக்கத்தைவிடக் கனமான கேள்வி.

வீட்டுச் சாதனங்களுக்கு நேராகப் பொருந்துவது 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த பாத்தம் எதிர் டிஎஸ்பி வங்கி வழக்கு. சமையலறை அலமாரிகளும் சிங்க்கும் குளியலறைக் குழாய்களும் வீட்டோடு சேர்ந்தவை என்றார்கள். அவன் அடுப்பு, ஃபிரிட்ஜ், பாத்திரம் கழுவும் இயந்திரம், கம்பளம், திரைச்சீலை எல்லாம் அசையும் பொருள்கள். அலமாரிக்குள் அளவெடுத்துச் செருகிய சாதனமாக இருந்தாலும், அதை வெளியே இழுத்தால் அலமாரி சேதமாகாது என்றால் அது சாதனம்தான். 'பில்ட்-இன்' என்று பெயர் இருப்பதால் வீட்டோடு போய்விடும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

சாவிக்கொத்து:
ஊருக்கு ஊர் மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க சார். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் நிலையான வீட்டு ஒப்பந்தப் படிவத்தில் உள்ளமைந்த சாதனம், சீலிங் ஃபேன், கேரேஜ் கதவு திறப்பான் எல்லாம் வீட்டோடு சேர்த்தி. டிவியைச் சுவரில் தாங்கும் பிராக்கெட் வீட்டோடு வரும், டிவி வராது. விற்பவர் எடுத்துப்போக நினைப்பதைத் தனிப் பத்தியில் எழுதி, வீட்டை ஒப்படைப்பதற்கு முன்னாடியே கழற்றிடணும். இங்கிலாந்தில் 'லா சொசைட்டி' என்ற வழக்கறிஞர் சங்கத்தின் டிஏ10 படிவம், எந்தப் பொருள் வீட்டோடு வரும் என்று அறை அறையாகக் கேள்வி கேட்கும். ஃபேன் யாருக்கு என்று நீதிமன்றத்துக்குப் போகும் நிலையே வராது. படிவமே இல்லாத ஊரில்தான் இந்த விவாத இழைக்கு வேலை.

ஈயப்பற்று:
ஏசி பத்தி ஒரு மெக்கானிக் பார்வை. உள் யூனிட் ஒரு தகட்டில் மாட்டியிருக்கும், தகடு நாலஞ்சு திருகில் நிற்கும். சுவரில் சுமார் 65 மி.மீ. ஓட்டை, அது வழியா இரண்டு செம்புக் குழாய், வயர், வடிகால் குழாய். கழற்றினா சுவருக்குப் பெரிய சேதம் கிடையாது. குழாய் சுவருக்கு வெளியே ஓடினா ஏசியோடு சேர்த்துக் கழற்றலாம். கட்டும்போதே சுவருக்குள்ள புதைச்ச குழாய்னா அது வீட்டுடையதுதான், அதை யாரும் உடைச்சு எடுக்க மாட்டாங்க.

ஆனா எப்படிக் கழற்றுறாங்க என்பது முக்கியம். கேஸை வெளி யூனிட்டுக்குள்ள இழுத்து அடைக்காம நட்டைத் திருகினா மொத்தக் கேஸும் அறைக்குள்ள வரும். ஏசி கேஸ் வகைகளில் ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும், ஆர்-290 என்பது சுத்தமான புரொப்பேன். முறை இதுதான்: ஏசியைக் கூலிங்கில் ஓடவிடணும். தடித்த குழாய்ப் பக்கம் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டணும். மெல்லிய குழாய் வால்வை ஆலன் கீயால் மூடணும். அழுத்தம் பூஜ்யத்தை நெருங்கும்போது தடித்த பக்கத்தையும் மூடி உடனே சுவிட்சை அணைக்கணும். அப்புறம்தான் நட்டில் கை வைக்கணும். குழாய் முனைகளுக்கு மூடி போடலைன்னா ஈரம் உள்ளே போய் ஆயில் கெட்டுடும், திரும்ப மாட்டினா கம்ப்ரசர் தாங்காது. எடுத்துட்டுப் போறவர் சுவர் ஓட்டையை அடைச்சுக் கொடுக்கணும் என்பதையும் எழுதி வாங்குங்க, மழைத்தண்ணி அது வழியாத்தான் இறங்கும்.

இன்வெர்ட்டரைத் தூக்கினா இன்னொரு சிக்கல். அதன் வழியா ஓடுற லைட், ஃபேன் எல்லாம் செத்துப்போகும். எலக்ட்ரீஷியன் வந்து அந்த லைனை நேர் மின்சாரத்தோடு சேர்க்கணும். இந்த வேலைக்கூலி யாருது என்று முன்கூட்டியே பேசாம, ராத்திரி பாதி வீடு இருட்டா இருக்கும்போது பேசுவாங்க.

புதுச்சாவி:
அப்படியானால் ஏசி விற்றவருடையது என்றே எடுத்துக்கொள்ளலாமா? கீசர்?

கிரயவரி:
ஏசியில் விற்றவர் பக்கம் தராசு சாயும்: கழற்றி வேறு வீட்டில் மாட்டவே செய்யப்பட்ட சாதனம், சுவருக்குச் சேதமில்லை. ஆனால் ஒரு கட்டடத்துக்கென்றே வடிவமைத்த மைய குளிரூட்டல், கூரைக்குள் ஓடும் காற்றுக் குழாயுடன் இருந்தால் அது வீடுதான். கீசரில் நான் வாங்கியவர் பக்கம் கொஞ்சம் சாய்வேன். தண்ணீர் லைனோடு இணைத்து, அந்தக் குளியலறையின் நிரந்தரப் பயனுக்காக வைத்தது, குளியலறைக் குழாய்க்கு நெருங்கிய உறவு. இருந்தாலும் பத்து நிமிடத்தில் கழற்றலாம் என்று எதிர்த்தரப்பு வாதிடும், அதையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. இந்த இரண்டு பொருளுக்காக வழக்குப் போடுவதைவிடப் பேசி முடிப்பதே லாபம்.

நிழல்வாசல்:
எல்லோரும் ஒன்றை விடுகிறீர்கள். ஃபிரிட்ஜ் விற்றவருடையதாகவே இருக்கட்டும். ஆறு வாரம் போட்டுவிட்டுப் போனாரே, அது கைவிட்டதாகாதா? சாவியைக் கொடுக்கும்போது "பழசுதான், வெச்சுக்குங்க" என்று வாயால் சொல்லியிருந்தால்?

கிரயவரி:
நல்ல கேள்வி, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கைவிடுதல் என்றால் இனி எனக்கு வேண்டாம் என்ற எண்ணம் தெரிய வேண்டும். லாரியில் இடமில்லாமல் விட்டது, மறந்து விட்டது, அடுத்த வாரம் வரலாம் என்று விட்டது எதுவுமே கைவிடுதல் இல்லை. நாள் ஆக ஆக அந்த எண்ணத்தை ஊகிக்க வலு கூடும், ஆனால் ஆறு வாரம் போதாது. அதுவும் அவரே போன் செய்து கேட்கிறார்.

"வெச்சுக்குங்க" என்று சொன்னால் கதை வேறு. 1882 சட்டத்தின் 123ஆம் பிரிவுப்படி அசையும் பொருளைத் தானமாகக் கொடுக்கப் பத்திரம் தேவையில்லை, பொருளை ஒப்படைத்தாலே போதும். சொல்லிவிட்டு வீட்டோடு சாவியையும் கொடுத்துவிட்டார், வாங்கியவரும் சரி என்று ஏற்றுக்கொண்டார் என்றால் தானம் முடிந்தது, பிறகு மனம் மாறித் திரும்பக் கேட்க முடியாது. சிக்கல் நிரூபிப்பதில். அன்றைக்கே "ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் எங்களுக்கே விட்டுச் சென்றதற்கு நன்றி" என்று ஒரு செய்தி அனுப்பி, அவர் மறுக்காமல் இருந்தால் அது நல்ல சான்று.

இரண்டும் இல்லை என்றால் வாங்கியவர், தான் கேட்காமலே இன்னொருவர் பொருளுக்குக் காவலாகிவிடுகிறார். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 71ஆம் பிரிவு, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவருக்கு, ஒப்படைப்புப் பெற்றவருக்கு, அதாவது பிறர் பொருளை வாங்கி வைத்திருப்பவருக்கு உள்ள அதே பொறுப்பு என்கிறது. 151ஆம் பிரிவுப்படி தன் சொந்தப் பொருளை ஒரு சாதாரண விவேகமுள்ளவர் பார்த்துக்கொள்ளும் அளவுக்குப் பார்த்துக்கொண்டால் போதும். அதற்கு மேல் ஒன்றும் செய்யத் தேவையில்லை. பயன்படுத்தியது தப்பா என்று கேட்டீர்கள். அனுமதியில்லாமல் பயன்படுத்தும்போது பழுதானால் 154ஆம் பிரிவு நஷ்டஈடு கேட்கும். ஆகவே பிளக்கைப் பிடுங்கி, துடைத்து வைத்துவிடுங்கள்.

கேட்டும் கொடுக்காமல் வைத்துக்கொள்வதும், சொல்லாமல் விற்பதும் வேறு ரகம். உரிமையியல் வழக்குக்கு 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் மூன்று ஆண்டு தருகிறது. நேர்மையற்ற எண்ணத்தோடு தனதாக்கிக்கொண்டால் இந்தியாவின் குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 314ஆம் பிரிவின்படி குற்றவியல் வழக்கு வரைக்கும் போகும். ஒரு பழைய வாஷிங் மெஷினுக்காக இந்த அபாயம் வேண்டாம்.

சாவிக்கொத்து:
அதே சமயம் விற்றவரும் நினைச்ச நேரத்தில் உள்ளே வர முடியாது என்பதைச் சொல்லணும். பொருள் அவருது, வீடு அவருது இல்லை. மாற்றுச் சாவி வெச்சிருக்கேன் என்று திறந்தா அத்துமீறல். சாவி வாங்கின அன்றைக்கே பூட்டு சிலிண்டரை மாத்திடுங்க.

நோட்டீஸ் இப்படி இருந்தா போதும்: எந்த நாளில் வீடு ஒப்படைக்கப்பட்டது, எந்தப் பொருள், எந்த அறை, கம்பெனி, வரிசை எண், எந்தத் தேதிக்குள் எந்த நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம், கழற்றத் தகுதியுள்ள மெக்கானிக்கோடு வரணும், சுவரையும் லைனையும் சரிசெய்து தரணும், அந்தத் தேதி தாண்டினால் என்ன செய்யப்படும். 15 நாளுக்குக் குறைக்காதீங்க, வெளியூரில் இருந்தா 30 நாள். ஸ்பீட் போஸ்ட்டில், பதிவு வசதியும் ஒப்புகையும் சேர்த்து ஒன்று, வாட்ஸ்அப்பில் அதே கடிதத்தின் படம் ஒன்று. நோட்டீசுக்குப் பிறகும் வராம, பொருளை விற்க நேர்ந்தா விற்ற ரசீதை வெச்சுக்கங்க. செலவு போக மீதி அவர் பணம்.

ஓட்டுவீடு:
அந்தக் கடைசி வரி இங்கிலாந்தில் சட்டமாகவே இருக்கிறது. 1977ஆம் ஆண்டின் பொருள்கள் மீதான தலையீட்டுச் சட்டம், அறிவிப்புக் கொடுத்து விற்க வழி தருகிறது, விற்ற பணத்தில் செலவு போக மீதிக்கு உரிமையாளருக்குக் கணக்கு ஒப்படைக்கச் சொல்கிறது.

மறுபக்கம் ஒன்று. விட்டுப்போனது நல்ல ஏசி இல்லை, ஓடாத மூன்று ஃபிரிட்ஜும் ஒரு அறை நிறையக் குப்பையும் என்றால்? காலியாக ஒப்படைக்க வேண்டிய வீட்டை விற்றவர் காலியாகக் கொடுக்கவில்லை என்று அர்த்தம். 1946இல் கம்பர்லாந்து நிறுவனம் எதிர் அயர்லாந்து வழக்கில், கிடங்கின் நிலவறையில் இறுகிப்போன சிமென்ட் மூட்டைகளை விற்றவர் விட்டுப் போயிருந்தார். அப்புறப்படுத்தும் செலவு அவர் தலையில் விழுந்தது. பொருளை யார் எடுப்பது என்று மட்டும் பேசாமல், யார் செலவில் எடுப்பது என்றும் அக்ரிமென்ட்டில் எழுதுங்கள்.

ஈயப்பற்று:
விற்றவருடையதும் இல்லாத பொருள்கள் இருக்கு, அதைத் தொடவே கூடாது. இந்தியாவில் சமையல் கேஸ் சிலிண்டரும் ரெகுலேட்டரும் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. இணைப்பு எடுத்தவர் வைப்புத்தொகை கட்டி வெச்சிருக்கார், அவ்வளவுதான். அவர்தான் ஒப்படைச்சுத் தொகையைத் திரும்ப வாங்கணும். செட்-டாப் பாக்ஸ், இணைய மோடம், மாத வாடகைக்கு எடுத்த தண்ணீர் சுத்திகரிப்பான் இதெல்லாமும் அப்படி இருக்கலாம். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படிங்க.

கிரயவரி:
தவணையையும் சேர்க்கிறேன். சாதாரணக் கடன் தவணையில் வாங்கியிருந்தால் பொருள் விற்றவருடையது, கடனும் அவருடையது. வாடகைக்கொள்முதல் (ஹயர் பர்ச்சேஸ்) என்றால் கடைசித் தவணை கட்டும்வரை பொருள் நிதி நிறுவனத்துடையது. தன்னிடம் இல்லாத உரிமையை அவர் யாருக்கும் கொடுக்க முடியாது, "வெச்சுக்குங்க" என்று எழுதிக் கொடுத்திருந்தாலும். கூரைமேல் சூரிய ஒளித் தகடு இருந்தால் இதைக் கட்டாயம் கேளுங்கள். குத்தகைக்கு எடுத்த தகடாக இருந்தால் வீட்டை வாங்குபவர் அந்தக் குத்தகையையும் தன் பேருக்கு மாற்றிக்கொள்ள வேண்டிவரும்.

நிழல்வாசல்:
இன்னும் பதிவு ஆகாதவர்களுக்கு எப்படி எழுத வேண்டும் என்று ஒரு மாதிரி கொடுங்களேன்.

கிரயவரி:
அக்ரிமென்ட்டோடு ஒரு தாள் இணைப்பு போதும், இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். "ஏசி உட்பட" என்று மொட்டையாக எழுதாதீர்கள். புது ஏசியைக் கழற்றிப் பழசை மாட்டிவிட்டுப் போக அதில் இடம் உண்டு. இப்படி எழுதுங்கள்:

"கிழக்குப் படுக்கையறை: ஸ்பிளிட் ஏசி, 1.5 டன், உள் யூனிட் வரிசை எண், வெளி யூனிட் வரிசை எண், ரிமோட் 1, வெளி ஸ்டாண்ட், குழாயுடன், ஓடும் நிலையில், வாங்குபவருக்கு. சமையலறை: ஃபிரிட்ஜ், விற்பவர் ஒப்படைக்கும் நாளுக்கு முன் எடுத்துக்கொள்வார். அந்த நாளுக்குப் பின் வீட்டில் இருக்கும் எந்த அசையும் பொருளும் 15 நாள் கழித்து வாங்குபவருக்குச் சொந்தம். அப்புறப்படுத்தும் செலவு விற்பவருடையது."

அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்கள் இருந்தால் இந்த இழையில் பாதிக் கேள்விகள் எழவே எழாது. பொருள்களுக்குத் தனி விலை பேசியிருந்தால் தனி ரசீது வாங்குங்கள், கிரயப் பத்திரம் அசையாச் சொத்துக்குத்தான். ஆனால் முத்திரைத்தீர்வையைக் குறைக்க வீட்டு விலையில் ஒரு பங்கைப் பழைய ஃபிரிட்ஜ் மேல் ஏற்றாதீர்கள், அது குறைமதிப்பு விசாரணையில் கொண்டுபோய் நிறுத்தும்.

பதிவுக்கு முந்தைய நாளோ அன்று காலையோ தாளைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடங்கள். ஒவ்வொரு சாதனத்தையும் ஓடவிட்டு, வரிசை எண் தெரியும்படி படம் எடுங்கள். பில்லும் உத்தரவாத அட்டையும் அப்போதே வாங்க வேண்டும்.

புதுச்சாவி:
எங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் அவருக்கு. ஏசியும் கீசரும் பேசித் தீர்க்க வேண்டும். அவர் 30 நாள் கேட்கிறார். அதுவரை இவற்றை எப்படி வைப்பது?

ஈயப்பற்று:
ஃபிரிட்ஜை அணைச்சு, உள்ளே துடைச்சு, கதவுக்கு நடுவில் ஒரு துணிச் சுருளைச் செருகித் திறந்தே வைங்க. மூடி வெச்சா பூஞ்சை பிடிச்சு ரப்பர் நாறும், பழி உங்க மேல வரும். தூக்கும்போது நிமிர்த்தியே தூக்கணும்.

வாஷிங் மெஷின் முன்பக்கக் கதவு வகைன்னா டிரம்மைப் பூட்டுற போல்ட்டுகளை அவரையே கொண்டுவரச் சொல்லுங்க, அது இல்லாம வண்டியில் ஏத்தினா டிரம் ஆடி உடைஞ்சுடும். கீழே இருக்கும் ஃபில்டரைத் திறந்து தண்ணியை வடிச்சுடுங்க.

பேட்டரிதான் கவனம். 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர்னா 50 கிலோவுக்கு மேல. சார்ஜ் இல்லாம கிடந்தா தானே இறங்கி, தகட்டில் சல்பேட் படிஞ்சு செத்துடும். முழு சார்ஜில் 12.7 வோல்ட் காட்டும். 12.4க்குக் கீழே போச்சுன்னா உடனே ஏத்தணும். ஆகவே இன்வெர்ட்டரை இணைப்பிலேயே விட்டுடுங்க, தண்ணி மட்டம் குறைஞ்சா டிஸ்டில்டு வாட்டர் ஊத்துங்க, செய்யறதுக்கு முன்னாடி அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்க. கழற்றும் நாளில் முதலில் மெயின், அப்புறம் இன்வெர்ட்டர், அப்புறம் நெகடிவ் முனை, கடைசியில் பாசிடிவ்.

கீசர் அவருக்கே என்று முடிவானா, மின்சாரத்தை அணைச்சு, தண்ணி ஆறினதும் உள்வரும் வால்வை மூடி, முழுக்க வடிச்ச பிறகுதான் கொக்கியிலிருந்து எடுக்கணும். 25 லிட்டர் கீசரில் தண்ணி மட்டுமே 25 கிலோ. எடுத்த உடனே சுவரில் இருக்கும் இரண்டு அரை அங்குலக் குழாய் முனைக்கும் டெஃப்லான் டேப் சுத்தி பிளக் போடச் சொல்லுங்க, அவர் கிளம்புறதுக்கு முன்னாடி வால்வைத் திறந்து கசிவு இருக்கான்னு அவர் முன்னாலேயே பார்த்துடுங்க.